எக்சீட் சேர்

கிண்ணியா
2024.04.21

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் சுகம். நீங்களும் படகில் வந்த நாலு பேரும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம்.

உங்களைப் பிடித்து வைத்திருக்கிற தீவிலிருந்து ஒரு தாள் வந்தது. போன் எடுக்க ஏலாதாம். கடிதம் மட்டும்தானாம். தமிழ் தெரிந்த ஒரு சேர் எல்லாவற்றையும் வாசித்த பிறகுதான் கையில் தருவாராம். ஆகவே, கடிதம் வாசிக்கும் சேர், உங்களுக்கும் சலாம். சாப்பிட்டீங்களா?

எப்படிப் பிடிபட்டார் என்று ஊரில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். மீன் பிடிக்கப் போனவர், மீறிப் பிடிபட்டார் என்று நான் சொல்லுறன். உம்மா தலையில் குட்டுறா. பெருநாளன்று உங்கள் கோப்பையிலும் வட்டிலப்பம் வைத்தா. பிறகு அதை நான்தான் சாப்பிட்டனான். களவு என்று சொல்ல ஏலாது, உம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தா.

வாப்பா, அங்கே இருப்பவர்கள் எல்லாம் இங்கிலீஸ் சேர்மாராமே. பயப்பட வேணாம். போன வருஷம் நான் சொல்லித் தந்தது ஞாபகம்தானே? 'எக்ஸ்கியூஸ்' என்பது சின்னப் பிள்ளைகளின் கதை, பெரிய மனிதர் மரியாதைக்குச் சொல்வது 'எக்சீட் சேர்'. வங்கியில் சொன்னீங்கள், ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் சொன்னீங்கள். ஜனவரியில் வாசலில் நின்று 'போயிட்டு வாறன் மகள்' என்றீங்கள், நான் படுக்கையில் கிடந்தபடியே 'எக்சீட் சேர்' என்று கத்தினனான். நீங்களும் சிரித்துக்கொண்டு போனீங்கள். அங்கேயும் அதை விட வேணாம். (வாசிக்கும் சேர், சிரிப்பை அடக்கிக்கொள்ளுங்க.)

வஸ்ஸலாம்.
உங்கள் ஒரே மகள் (வேறு யாரும் இருந்தால் பதிலில் தெரிவிக்கவும்),
ரிஸ்லா


2024.05.19

மகள் ரிஸ்லாவுக்கு வாப்பா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் நான் சுகம். பொடியன்களும் சுகம். இன்பாஸுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. உம்மாவின் முழங்கால் வலி எப்படி? எண்ணெய் பூசச் சொல்லு.

வழக்கு முடிந்தது. பொடியன்களுக்கு ஆறு மாதம், எனக்கு இரண்டு வருஷம். நான் தண்டல், படகைக் கொண்டு போன ஆள், அதனால் என்று நினைக்கிறேன். அன்றைக்கு மொழிபெயர்க்கிற ஆள் வரவில்லை. இப்போது ஒரு வக்கீல் அம்மா கிடைத்திருக்கிறா. மேன்முறையீடு போட்டிருக்கிறா. எஞ்சின் நின்றது, நீரோட்டம் எல்லைக்கு அங்கால் இழுத்தது, அது விளங்கினால் விடுவார்கள் என்கிறா. டிசம்பரில் கூப்பிடுவார்கள். கடிதத்தில் வழக்குக் கதை எழுதினால் பைலில் போடுவார்கள், நீ எழுத வேண்டாம்.

நீ சொல்லித் தந்த சொல் நல்லாய் உதவுது. காலையில் கதவு திறக்கிற சேருக்கு நெஞ்சில் கை வைத்து எக்சீட் சேர் என்பேன். அவர் மற்றச் சேர்மாரையும் கூப்பிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொல்லுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நல்ல மனுசர்கள்.

ஓ.எல். சோதனைக்குப் படி. உம்மாவைச் சிரிக்க வை.

வாப்பா
ஸெய்னுதீன்


கிண்ணியா
2024.06.22

அன்புள்ள தண்டல் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உம்மாவின் முழங்காலும் சுகம், நேற்று அதே காலால் என்னைத் துரத்திக்கொண்டு வந்தா. வாசிக்கும் சேர், நீங்களும் சுகம் என நம்புகிறேன்.

தண்டலுக்கென்று பார்த்து தண்டனை கொடுத்திருக்கிறார்களே, அந்த நீதிபதிக்கு எதுகை மோனை நல்லாய் வரும்போல. வழக்குக் கதை அவ்வளவுதான். இனி எழுத மாட்டேன்.

லக்சனா டீச்சர் ஒரு வேலை தந்திருக்கிறா. ஆளுக்கொரு இங்கிலீஸ் வினைச்சொல்லை எடுத்து, அது எங்கே பிறந்தது, யாருடைய பிள்ளை என்று எழுத வேணும். நான் எடுத்த சொல்லை உங்களுக்குச் சொல்ல மாட்டேன், ஒரு காரணம் இருக்கு. நீங்கள் வந்ததும் கட்டாயம் சொல்லுவன், அன்றைக்கு நீங்கள் என்னைக் கடற்கரை வரைக்கும் துரத்துவீங்கள். இப்போதைக்கு விடுகதை: முன்பாதி கணக்குப் பாடத்தில் யாரென்று தெரியாத ஆள். பின்பாதி கிண்ணியா பஸ்ஸில் ஒருநாளும் கிடைக்காத சாமான். இரண்டையும் ஒட்டினால் 'எல்லையைத் தாண்டு' என்று அர்த்தம். உங்களால் ஏலாது, விட்டுவிடுங்க.

இலத்தீனில் பிறந்த சொல்லாம். முன்பாதிக்கு 'வெளியே', பின்பாதிக்கு 'போ'. வெளியே போனது காலப்போக்கில் அளவுக்கு மிஞ்சிப் போனதாய் மாறிவிட்டது. இதற்கு ஒரு குடும்பமே இருக்கு வாப்பா: முன்னே போ, பின்னே போ, இன்னொருவருக்குப் பின்னால் போ. எல்லாம் போ, போ, போ. அகராதியை முழுக்கப் பிரட்டிவிட்டேன், அந்தக் குடும்பத்தில் 'வா' இல்லை. நாங்கள் கடைக்குப் போனாலும் 'போயிட்டு வாறன்' என்றுதானே சொல்லுறோம். வெறும் 'போறன்' என்றால் உம்மா வாயில் அடிப்பா. பாவம் அந்த இலத்தீன் ஆக்கள், போனவர் எல்லாம் திரும்பி வந்தார்களோ தெரியாது.

வஸ்ஸலாம்.
விடுகதை ராணி
ரிஸ்லா


2024.07.14

மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் சுகத்துக்கு துஆ.

விடுகதைக்கு விடை தெரியவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்ற ஆளிடம் கணக்கு கேட்கிறாய்.

இங்கே காலையில் சேர்மாருக்கு இப்போது சலாம் மட்டும் சொல்லுகிறேன். அதுவே போதும்.

பொடியன்கள் ஆகஸ்டில் வருவார்கள். இன்பாஸ் வீட்டுக்கு வந்தால் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள். கனக்கக் கதைக்க விட வேண்டாம். களைத்து வாற பிள்ளை.

வாப்பா


கிண்ணியா
2024.08.07

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம், சுகம், சுகம். அவசரமாய் எழுதுறன். இன்பாஸ் நானாவும் மற்ற மூன்று பேரும் நேற்று வந்து இறங்கிவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு. கதைக்க விட வேண்டாம் என்று நீங்கள் எழுதினதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினனான். 'அந்த வாயை யார் மூடுறது' என்றா. உங்களைப் பற்றி ஒன்றும் விடாமல் கேட்டு அடுத்த கடிதத்தில் எழுதுவேன்.

இன்னொரு சங்கதி: என் சொல்லுக்கு முதல் இடம். டீச்சர் வகுப்பில் வாசித்து, சுவரிலும் ஒட்டிவிட்டா.

வஸ்ஸலாம்.
சுவரேறிய
ரிஸ்லா


2024.09.15

மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம்.

இந்த மாதம் கடிதம் வரவில்லை. தபாலில் பிந்தியிருக்கும். சோதனைக்குப் படிக்கிறாய் என்றால் எழுத வேண்டாம், படி. ஒரு வரி போதும்.

வாப்பா


2024.10.06

மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகமா? நீ சுகமா? இன்பாஸ் வந்தானா?

அவன் ஏதும் சொல்லியிருந்தால் அது அவனுடைய கதை. அவன் கதைக்கு உப்புப் புளி போடுகிற ஆள்.

வாப்பா


கிண்ணியா
2024.10.09

வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம்.

இரண்டு மாதமாய் நான் எழுதவில்லை. எட்டுத் தரம் தொடங்கி, எட்டையும் கிழித்தேன். வழக்குக் கதை எழுத வேண்டாம் என்றீங்கள். இது வழக்குக் கதைதான். பைலில் போடட்டும்.

அன்றைக்கு இன்பாஸ் நானா சாப்பிட்டு முடித்து, கதிரையில் சாய்ந்துகொண்டு கோர்ட்டில் நடந்ததைச் சொன்னார். வீட்டில் பதினைந்து பேர் இருந்தோம். நீதிபதி கேட்டாராம் (விடுதலையாகி வரும்போதுதான் ஒரு சேர் இன்பாஸ் நானாவுக்கு இதை விளங்கப்படுத்தினாராம்), எஞ்சின் நின்று இழுபட்டாயா, அல்லது தெரிந்துகொண்டே எல்லையை எக்சீட் பண்ணினாயா என்று. நீங்கள் முகம் மலர்ந்து, நெஞ்சில் கை வைத்து, 'எக்சீட் சேர்' என்றீங்களாம். நீதிபதி மூன்று தரம் கேட்டாராம். மூன்று தரமும் இன்னும் பணிவாய்க் குனிந்து 'எக்சீட் சேர், எக்சீட் சேர்' என்றீங்களாம். இன்பாஸ் நானா எழும்பி நின்று உங்களைப்போலவே செய்து காட்டினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தா. நீங்கள் போன பிறகு உம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தனான்.

நான் தேத்தண்ணி தட்டோடு நின்றேன்.

வாப்பா, அது மரியாதைச் சொல் இல்லை. அப்படி ஒரு மரியாதை எந்த மொழியிலும் இல்லை. அன்றைக்கு வகுப்பில் படித்த புதுச்சொல், உங்கள் வாயிலிருந்து கேட்க ஆசையாய் இருந்தது. நீங்கள் வங்கியில் சொன்னதை வந்து சொன்னபோது தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தனான். நாளைக்குச் சொல்லுவோம் நாளைக்குச் சொல்லுவோம் என்று ஒரு வருஷம் வைத்திருந்தேன். அதற்கு 'எல்லையை மீறினேன்' என்று அர்த்தம். நீதிபதி கேட்டார், நீங்கள் ஓம் என்றீங்கள். மூன்று தரம். பொடியன்களுக்கு ஆறு மாதம், உங்களுக்கு இரண்டு வருஷம். நடுவில் இருக்கிற ஒன்றரை வருஷமும் என் பகிடி.

சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழித்துவிட்டேன். டீச்சர் ஏன் என்று கேட்டா. சொல்லவில்லை. உம்மாவுக்கும் தெரியாது. எனக்கு இப்போது வாயைத் திறக்கவே பயமாய் இருக்கு.

என்னை மன்னியுங்க. இதற்கு இங்கிலீஸில் என்ன சொல்லுவது என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ரிஸ்லா


2024.11.03

என் மகள் ரிஸ்லாவுக்கு வாப்பா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். உன் கடிதம் கிடைத்து ஐந்து நாள். இங்கே எழுதுகிற தாள் ஞாயிற்றுக்கிழமைதான் தருவார்கள், அதனால் பிந்திவிட்டது.

நீ என்னை ஏமாற்றினதாய் நினைத்துக்கொண்டிருக்கிறாய். சிரிப்பு வருது. இருபத்தாறு வருஷம் கடலில் கிடந்தவன், பதினைந்து வயதுப் பிள்ளையின் பகிடிக்கு மாட்டுப்படுவானா? நீ சொல்லித் தந்த அடுத்த கிழமையே வங்கியில் இருக்கிற தம்பி எனக்கு அர்த்தம் சொல்லிவிட்டார். நான்தான் உனக்குக் காட்டவில்லை. நான் அப்படிச் சொன்னால் நீ குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரிப்பாய். அதைக் கேட்கத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஏமாந்தது நீ.

இப்போது உண்மையை எழுதுகிறேன். எஞ்சின் நிற்கவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. சூரை மீன் அந்தப் பக்கம் நின்றது, தெரிந்துகொண்டுதான் போனேன். நீதிபதி கேட்டபோது தெரிந்துகொண்டுதான் சொன்னேன். செய்ததைச் செய்தேன் என்று சொல்வதில் என்ன வெட்கம்? இதில் உன் சொல்லுக்கு ஒரு வேலையும் இல்லை.

ஆகவே நீ வாயைத் திற. உம்மாவைச் சிரிக்க வை. கிழித்ததை ஒட்டு.

உன் வாப்பா
ஸெய்னுதீன்


கிண்ணியா
2024.11.27

கடிதம் வாசிக்கும் சேருக்கு,

நீங்கள் எந்த மதம், என்ன வயது என்று தெரியாது. சுகமாக இருக்க வேண்டுகிறேன். இது உங்களுக்கு மட்டும். இதை வாப்பாவுக்குக் காட்ட வேண்டாம். முந்திய கடிதங்களில் உங்களோடு விளையாடினதற்கு மன்னிக்கவும்.

மூன்றாம் திகதி வாப்பா எழுதின கடிதம் பொய். என் மனம் ஆறவேண்டும் என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து மே மாதக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். சேர்மார் சிரிக்கிறார்கள், நல்ல மனுசர்கள் என்று எழுதியிருக்கிறார். அர்த்தம் தெரிந்த ஆள் சிறைக்குள் அப்படிச் சொல்லி, சிரிக்கிறவர்களை நல்ல மனுசர் என்று எழுதுவாரா? குற்றத்தை ஒப்புக்கொள்ளுகிற ஆள் முகம் மலர்ந்து நெஞ்சில் கை வைப்பாரா?

எஞ்சின் நின்ற அன்று வாப்பா படகிலிருந்து ரேடியோவில் கூப்பிட்டார். கரையில் படகு முதலாளி முஹம்மது தம்பியின் கடையில் அந்த ரேடியோ இருக்கிறது. உம்மாவும் நானும் பக்கத்தில் நின்று கேட்டோம். 'எஞ்சின் நின்றிட்டு, இழுக்குது' என்றார். நான் எங்கேயும் வந்து சத்தியம் பண்ணுவேன்.

அவருடைய கடிதத்தைப் பைலில் போட்டுவிட்டீர்களா? போட்டிருந்தால் இதையும் போடுங்கள். மேலே வையுங்கள்.

ரிஸ்லா ஸெய்னுதீன்


2024.12.22

செல்வி ரிஸ்லாவுக்கு,

வணக்கம். நலமே. உங்கள் நலம் விழைகிறேன். என் பாட்டன் காலத்தில் இத்தீவுக்கு வந்த குடும்பம் நாங்கள். என் தமிழில் பிழை இருந்தால் பொறுக்கவும். உங்கள் கடிதங்களில் எனக்குச் சொல்லும் சலாமுக்கு நான் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன், என் மேசையில் இருந்தபடி.

மேன்முறையீடு டிசம்பர் பதினோராம் தேதி கேட்கப்பட்டது. உங்கள் அக்டோபர் கடிதத்தை வக்கீல் அம்மையார் நீதிமன்றத்தில் கொடுத்தார். நான் ஆங்கிலத்தில் வாசித்தேன். நீதிபதிகள் கவனமாகக் கேட்டார்கள். பிறகு எதிர்த்தரப்பு உங்கள் தந்தையின் நவம்பர் கடிதத்தைக் கொடுத்தது. அதையும் நானே வாசித்தேன். அது என் தொழில்.

வெளியே இரண்டு பத்திரிகைக்காரர் இருந்தார்கள். உங்கள் கடிதத்தை ஏற்றால் உங்கள் பெயரும் விளையாட்டும் தீர்ப்பில் எழுதப்படும் என்று அம்மையார் அவரிடம் முன்பே சொல்லியிருந்தார். நடுவில் இருந்த நீதிபதி, எது உண்மை என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். இந்த முறை உங்கள் தந்தைக்கு எல்லாம் விளங்கியது. "மகளுக்கு நான் எழுதினதுதான்" என்றார். மனு தள்ளுபடி ஆனது. உங்கள் நவம்பர் கடிதம் மூன்று நாள் பிந்தி, பதினான்காம் தேதி என் கைக்கு வந்தது. மேலேதான் வைத்திருக்கிறேன்.

வண்டியில் ஏறும்போது, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்க எனக்கு அனுமதி இல்லை. "எனக்கு ஒரு வருஷம்தானே சேர். பிள்ளைக்கு ஆயுசு முழுக்க அல்லவா" என்றார்.

இன்னொன்று. ஜூலையில் என்னிடம் வந்து, கணக்கில் யாரென்று தெரியாத ஆளுக்குப் பெயர் என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். 'எக்ஸ்', 'சீட்' என்று ஒட்டிச் சொல்லிப் பார்த்தார், சிரிக்காமல் திரும்பிப் போனார். அப்போது எனக்குக் காரணம் தெரியாது.

இவை நான் சொன்னதாக அவர் அறிய வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான் கேட்கிறார்: கடிதம் வந்ததா, நம்பினாளா?

பிரகலாதன்
மொழிபெயர்ப்பாளர்


கிண்ணியா
2025.01.12

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். நான் சுகம். நீங்கள் சுகமாக இருக்க, வழக்கத்தைவிடக் கூடுதலாய்க் கேட்கிறேன். வாசிக்கும் சேர், உங்களுக்கும் சலாம். நீங்கள் சாப்பிட்டிருப்பீங்கள்.

பதில் பிந்தினதற்குக் காரணம் கோபம். எனக்கு உங்கள்மேல் சரியான கோபம் வாப்பா. ஒரு வருஷம் முழுக்க நான் உங்களைப் பேய்க்காட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டு என்னைப் பேய்க்காட்டியிருக்கிறீங்கள். இந்த வீட்டில் என்னை ஏமாற்றின முதல் ஆள் நீங்கள்தான். வங்கித் தம்பியைக் கண்டால் நான் கதைக்க மாட்டேன்.

நம்பிட்டன் வாப்பா. ஒவ்வொரு எழுத்தையும் நம்பிட்டன். எஞ்சின் நிற்கவில்லை. மீன் அந்தப் பக்கம் நின்றது. நீங்கள் தெரிந்துதான் போனீங்கள். என் சொல்லுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. இதை எழுதிவிட்டு நாலு தரம் வாசித்துப் பார்த்தேன். பிழை இல்லை.

மனது லேசாய் இருக்கு. இரவில் நித்திரை வருது. உம்மாவைச் சிரிக்க வைக்கிறேன், நேற்று இரண்டு தரம். கிழித்ததை ஒட்டிவிட்டேன். மார்ச்சில் சோதனை. இன்னும் பதின்மூன்று மாதம்தானே, நான் ஏ.எல். வகுப்புக்குப் போய் இங்கிலீஸை முழுக்கப் படித்து முடித்திருப்பேன். பிறகு உங்களுக்குச் சரியாய்ச் சொல்லித் தருவேன்.

ஒரு கடன் மட்டும் கிடக்கு. போன ஜனவரியில் நீங்கள் வாசலில் நின்று 'போயிட்டு வாறன் மகள்' என்றீங்கள். நான் எழும்பி வரவில்லை. வேறு ஏதோ கத்தினனான். அதற்கு என்ன பதில் சொல்ல வேணும் என்று எங்கள் ஊரில் நடக்கப் பழகின பிள்ளைக்கும் தெரியும். பிந்திவிட்டது. இப்போது வாசலில் நின்றுகொண்டுதான் எழுதுறன்.

போயிட்டு வாங்க வாப்பா.

உங்கள் மகள்
ரிஸ்லா